கன்டெய்னருக்குள் ஒரு சிறை

2015 டிசம்பர் 1. பிலிப்பைன்ஸின் ஓலோங்கபோ நகர நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசித்து முடித்தாகிவிட்டது. ஜெனிஃபர் லாவ்டே என்ற 26 வயதுத் திருநங்கையைக் கொன்ற வழக்கில் அமெரிக்க மரைன் படைவீரர் ஜோசப் ஸ்காட் பெம்பர்டன் குற்றவாளி. 6 முதல் 12 ஆண்டுவரை சிறை. குற்றவாளி என்று தீர்ப்பானவரின் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவதுதான் எந்த ஊர் நீதிமன்றத்திலும் அடுத்து நடக்கிற காரியம். பிலிப்பைன்ஸ் போலீஸ்காரர்கள் விலங்கோடு முன்னே வந்தார்கள். பெம்பர்டனோடு வந்திருந்த அமெரிக்கக் காவலர்கள் அவரைச் சுற்றி வளையம்போல நெருங்கி நின்றுகொண்டு, தொடவிடவில்லை.

சொந்த நாட்டு மண்ணில், சொந்த நாட்டு நீதிபதியின் கண்ணெதிரே, தண்டனை பெற்ற ஒருவரை அந்த நாட்டுப் போலீஸ் தொட முடியாமல் மணிக்கணக்கில் நின்றது. முந்தின்லுபாவிலுள்ள நியூ பிலிபித் தேசியச் சிறைக்கு அனுப்பச் சொன்ன உத்தரவு அன்றைக்கே திருத்தப்பட்டது. பெம்பர்டன் ஏற்கெனவே இருந்த இடத்துக்கே திரும்பினார். அது மணிலாவை அடுத்த கேசோன் சிட்டியில், பிலிப்பைன்ஸ் ராணுவத் தலைமையகமான கேம்ப் அகினால்டோவுக்குள் வைக்கப்பட்ட, ஏசி பொருத்திய ஒரு கன்டெய்னர். அதன் வெளிவட்டத்தில் பிலிப்பைன்ஸ் காவலர்கள், உள்ளே கைதிக்குப் பக்கத்தில் அமெரிக்க மரைன்கள்.

அந்த முகாமுக்குப் பெயர் தந்த எமிலியோ அகினால்டோ பிலிப்பைன்ஸின் முதல் குடியரசுத் தலைவர். ஸ்பெயினுக்கு எதிராகவும் பிறகு அமெரிக்காவுக்கு எதிராகவும் போரிட்டு, 1901 மார்ச்சில் அமெரிக்கர்களிடம் பிடிபட்டவர்.

பிலிப்பைன்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள உறவைப் பற்றி நட்பு, கடன், கல்வி, கூடைப்பந்து, ஹாலிவுட் என்று எத்தனையோ எழுதலாம். இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. அந்நியர் ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரைக் கொன்றால், கெடுத்தால், அவரை அடைத்துவைக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? நூறாண்டுக்கு மேலாக அந்த நாடு கேட்டுவரும் கேள்வி இது. தீர்ப்பு எழுதும் உரிமை கைக்கு வந்துவிட்டது. சாவி இன்னும் வரவில்லை.

பலங்கிகாவின் மூன்று மணிகள்

1898 மே 1 அன்று அமெரிக்கக் கொமடோர் டியூவியின் கப்பல்கள் மணிலா விரிகுடாவில் ஸ்பெயினின் கப்பற்படையை அழித்தன. அந்த டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 333 ஆண்டு ஆண்ட ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு நாட்டைக் கைமாற்றியது. சுதந்திரத்தை அறிவித்து ஆறு மாதமாகியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்களை அந்த மேஜையில் உட்காரவைக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் போர் மூண்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவு தரும் கணக்கே 4,200க்கு மேற்பட்ட அமெரிக்கர், 20,000க்கு மேற்பட்ட பிலிப்பைன்ஸ் போராளிகள், வன்முறையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் 2 லட்சம் வரை பொதுமக்கள் என்கிறது.

சமார் தீவில் பலங்கிகா என்றொரு கடலோர ஊர். 1901-ல் அங்கே வந்திறங்கிய அமெரிக்கக் கம்பெனி ஊர் ஆண்களைப் பிடித்துக் கூடாரங்களில் நெருக்கி அடைத்து வேலை வாங்கியது. வீடுகளிலிருந்த அரிசியையும் வெட்டுக்கத்திகளையும் எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 28 காலையில் சிப்பாய்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. ஊர்க் காவல் தலைவர் வலேரியானோ அபனதோர் தலைமையில் ஊரார் பாய்ந்தார்கள். 74 பேர் கொண்ட கம்பெனியில் 48 பேர் இறந்தார்கள்.

பதிலடிக்கு வந்த ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய எல்லோரையும் கொல்லச் சொன்னார். எந்த வயதுக்கு மேல் என்று கீழதிகாரி கேட்டதற்குப் பத்து வயது என்றார். ஊர்கள் எரிந்தன. அமெரிக்காவிலேயே எதிர்ப்பு கிளம்பி, 1902-ல் ஸ்மித் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவருக்குக் கிடைத்த தண்டனை கண்டிப்பு. அதற்குமேல் பணி ஓய்வு. பதினொரு சுமைகூலிகளை விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொல்ல உத்தரவிட்ட மேஜர் வாலர் விடுதலையானார். கொன்ற நாடே விசாரித்தது, அதுவே தண்டனையை நிர்ணயித்தது, அதுவே அனுப்பியும் வைத்தது. பின்னால் வந்த எல்லா ஒப்பந்தங்களுக்கும் மூலப்படி அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பலங்கிகாவின் மூன்று மணிகளையும் சிப்பாய்கள் போர்க் கோப்பையாக எடுத்துப் போனார்கள். இரண்டு வயோமிங் மாநிலத்தின் ஒரு விமானப்படைத் தளத்தில் நின்றன. ஒன்று தென்கொரியாவிலிருந்த அதே காலாட்படைப் பிரிவோடு இருந்தது. 117 ஆண்டுக்குப் பின், 2018 டிசம்பரில்தான் மூன்றும் ஊர் திரும்பின. மறுநாள் விடியலுக்கு முன் தொடங்கும் கிறிஸ்துமஸ் கால ஒன்பது நாள் பூசைக்கு அந்த மணிகள் இருந்தன.

காட்டுப்பன்றி என்று நினைத்தேன்

1946 ஜூலை 4. பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம், அமெரிக்காவின் சுதந்திர நாளும் அதுவே. எட்டு மாதம் கழித்து, 1947 மார்ச் 14 அன்று, ராணுவத் தள ஒப்பந்தம் கையெழுத்தானது. 23 இடங்கள், 99 ஆண்டு. தளத்துக்குள் நடக்கும் குற்றங்களில் பெரும்பாலானவற்றை விசாரிக்கும் அதிகாரம் அமெரிக்காவுக்கு. தளத்துக்கு வெளியே நடந்தாலும், பணி நேரத்தில் நடந்தது என்று காட்டிவிட்டால் அதுவும் அமெரிக்காவுக்கு.

சுபிக் விரிகுடாவின் கடற்படைத் தளத்தை ஒட்டிய ஓலோங்கபோ இன்னும் ஒரு படி மேல். கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் கோயிலும் கொண்ட அந்த ஊரையே அமெரிக்கக் கடற்படை நிர்வாகம் செய்தது. 1959 டிசம்பரில்தான் ஊர் பிலிப்பைன்ஸ் கைக்கு வந்தது. தேசம் விடுதலையாகிப் பதின்மூன்று ஆண்டு அங்கே இருந்தவர்கள் இன்னொரு நாட்டுக் கப்பற்படையின் ஆட்சியில் இருந்தார்கள்.

தளத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு ஆறு. ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில் கலக்கும். அதன்மேல் ஒரு பாலம். விடுப்பில் வரும் மாலுமிகள் பாலத்தைக் கடக்கும்போது நாணயங்களைச் சுண்டிவிடுவார்கள். கீழே படகுகளில் காத்திருக்கும் சிறுவர்கள் அந்தக் கறுப்புத் தண்ணீரில் முழுகிக் காசை எடுப்பார்கள். அந்தக் கால ஓலோங்கபோவைப் பற்றிப் பேசும் மாலுமிகளும் ஊர்க்காரர்களும் இந்தக் காட்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. காசு போட்டவர்களில் பலர் அதைக் கருணை என்றே நினைத்திருப்பார்கள். முழுகி எழுந்த பிள்ளைக்கு அது அன்றைய சாப்பாடு.

1964-ன் கடைசி வாரங்களில் கிளார்க் விமானத் தளத்தில் ஒரு சிறுவனும் சுபிக்கில் ஒரு மீனவரும் தளக் காவலர்களின் குண்டுக்குப் பலியானார்கள். மணிலா தெருக்களில் மாணவர்கள் திரண்டார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தின் விசாரணைப் பிரிவைத் திருத்த வேண்டியதாயிற்று. தளத்தின் ஓரத்தில் பழைய இரும்பு பொறுக்கப் போனவர்கள் சுடப்பட்டபோது காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டதாகச் சொல்லப்பட்ட சமாதானம் அந்த நாட்டின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. 1976-ல், மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்திலேயே, இயக்குநர் லுபிதா அக்கினோ அதைப் படமாக்கினார். பெயர் 'மின்சாய் இசாங் காமு-காமோ'. அமெரிக்காவுக்கு நர்ஸ் வேலைக்குப் போகத் துடிக்கும் பெண்ணாக நோரா அவுனோர் நடித்தார். அவள் தம்பி தளத்தின் ஓரத்தில் பன்றி என்று சுடப்படுகிறான். வழக்கு எழுவதற்குள் சுட்டவன் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விடுகிறான். ஐம்பது ஆண்டுகளாகப் பிலிப்பைன்ஸ்காரர்கள் நினைவில் வைத்திருக்கும் படம் அது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு 2012 பிப்ரவரி நினைவுக்கு வரும். கேரளக் கடலோரத்தில் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து இரண்டு மரைன்கள் சுட்டு இரு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூத்துறைக்காரர். கடற்கொள்ளையர் என்று நினைத்துவிட்டோம் என்பது சுட்டவர்களின் பதில். குற்றம் சாட்டப்பட்டவர்கள் டெல்லியில் இத்தாலியத் தூதரகத்தில் இருந்தார்கள். 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம், அவர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை, இழப்பீடுதான் உண்டு என்றது. 10 கோடி ரூபாயோடு 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. நமக்கு ஒருமுறை நேர்ந்த அந்தக் கசப்பு பிலிப்பைன்ஸ்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நேர்ந்தது.

ஒரு வாக்கு அதிகம்

1991 ஜூனில் பினதுபோ எரிமலை வெடித்தது. கிளார்க் தளம் சாம்பலில் புதைந்து, அமெரிக்கர்கள் அதைக் கைவிட்டார்கள். சுபிக் மிச்சம் இருந்தது. அதை நீட்டிக்கும் புதிய ஒப்பந்தம் செனட்டுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தளத்தை நம்பி இருந்தன. நாட்டின் தலைவி கொராசோன் அக்கினோவே ஒப்பந்தத்துக்கு ஆதரவாக ஊர்வலம் போனார். செப்டம்பர் 16 அன்று, செனட் தலைவர் ஹோவித்தோ சலோங்கா இருக்கையில் இருக்க, 12-க்கு 11 என்ற கணக்கில் செனட் அதை நிராகரித்தது. 1992 நவம்பர் 24 அன்று கடைசி அமெரிக்கக் கப்பல் சுபிக்கை விட்டுக் கிளம்பியது.

அவர்கள் விட்டுப்போனதில் பிள்ளைகளும் உண்டு. அமெரிக்கத் தகப்பன், பிலிப்பைன்ஸ் தாய். இப்படி ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஓலோங்கபோவிலும் ஆஞ்சலஸிலும் வளர்ந்தார்கள். ஆசியாவில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடிபோக 1982-ல் சட்டம் வந்தது. வியட்நாம், கொரியா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா என ஐந்து நாடுகள் அதில் இருந்தன. பிலிப்பைன்ஸ் இல்லை. சிப்பாயை நம்பிக் கைவிடப்பட்ட பெண்ணைக் குறிக்க அந்த ஊர்ப் பேச்சில் 'ஹங்கங் பியர்' என்றொரு வழக்கு உண்டு. துறைமேடை வரைதான் என்று பொருள். காதல் கப்பல் நிற்கும் இடம்வரை. அதற்கு மேல் அவளுக்கு வழியில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை

தளங்கள் போய் ஆறாண்டு. 1998 பிப்ரவரி 10 அன்று வருகைப் படைகள் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நிரந்தரத் தளம் கிடையாது, பயிற்சிக்கு வந்து போவார்கள், அவ்வளவே என்று சொல்லப்பட்டது. அதன் ஐந்தாம் பிரிவை யாராவது ஊன்றிப் படித்திருந்தால் அன்றே பதறியிருப்பார்கள்.

குற்றம் சாட்டப்பட்ட படைவீரரை, அமெரிக்கா கேட்டுக்கொண்டால், குற்றம் நடந்த கணத்திலிருந்து நீதிமன்ற நடவடிக்கைகள் எல்லாம் முடியும்வரை அமெரிக்காவே காவலில் வைத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் வழக்கு முடியாவிட்டால், அவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் கடமையும் அமெரிக்காவுக்கு இல்லை. பிலிப்பைன்ஸில் ஒரு கொலை வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது ஒப்பந்தம் எழுதியவர்களுக்குத் தெரியும். தண்டனை உறுதியானாலும் சிறை எது என்பதை இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

2005 நவம்பர் 1 இரவு, சுபிக்கில் ஓடும் வேனுக்குள் ஒரு பிலிப்பைன்ஸ் இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு எழுந்தது. வேனிலிருந்து அவரை இறக்கிப் போட்ட இடம் அலாவா துறைமேடை. பத்திரிகைகள் நிக்கோல் என்ற புனைபெயரால் அவரை அழைத்தன. நான்கு மரைன்கள்மீது வழக்கு. 2006 டிசம்பர் 4 அன்று, ஓராண்டுக் கெடுவுக்குள் ஓட்டமாக ஓடி, மகாதி நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லி 40 ஆண்டு விதித்தது. அவரை மகாதி நகரச் சிறைக்கே அனுப்பினார் நீதிபதி பெஞ்சமின் போசோன். ஒரு மாதம்கூட அவர் அங்கே இல்லை. அமெரிக்கா வரவிருந்த கூட்டுப் போர்ப்பயிற்சியை ரத்துசெய்தது. டிசம்பர் 29 இரவில், ஊர் புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கைதி சிறையிலிருந்து எடுக்கப்பட்டு அமெரிக்கத் தூதரகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். இரு நாட்டு அதிகாரிகளும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் அறையின் அளவுகூட இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரவும் பகலும் அமெரிக்க ராணுவக் காவல்.

2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. ஆனால் தூதரகத்தில் அடைத்தது ஒப்பந்தப்படியே தவறு, பிலிப்பைன்ஸ் அதிகாரத்துக்கு உட்பட்ட சிறைக்கு மாற்றப் பேச்சு நடத்துங்கள் என்றும் சொன்னது. மாற்றவில்லை. மார்ச்சில் நிக்கோல் தன் வாக்குமூலத்திலேயே சந்தேகம் தெரிவித்து ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைதியை விடுவித்தது. அவரும் உடனே நாட்டைவிட்டுப் போனார்.

நிக்கோலைத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றரை ஆண்டு ஒரு வல்லரசும் தன் சொந்த அரசும் எதிரே நிற்க, தனியாளாக நின்ற பெண் அவர். உச்ச நீதிமன்றமே சொல்லியும் கைதியின் அறை மாறாததைக் கண்ணால் கண்டவர். சோர்ந்து விலகியவரைக் கேட்பதற்கு முன், சிறைக் கதவைத் திறந்துவிட்டவர்களைக் கேட்க வேண்டும்.

ஜெனிஃபர்

2014 அக்டோபர் 11 இரவு. கூட்டுப் பயிற்சிக்கு வந்த கப்பல் சுபிக்கில். பத்தொன்பது வயது பெம்பர்டன் ஓலோங்கபோவில் ஒரு டிஸ்கோ பாரில் ஜெனிஃபர் லாவ்டேயைச் சந்தித்தார். இருவரும் பக்கத்து லாட்ஜுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பெம்பர்டன் மட்டும் வெளியே வந்தார். குளியலறையில், தலை கழிப்பறைத் தொட்டியில் கிடக்க, ஜெனிஃபர் இறந்துகிடந்ததை லாட்ஜ் ஊழியர் பார்த்தார். திருநங்கை என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் செய்ததாகப் பெம்பர்டன் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்றது. ஒருவர் திருநங்கை என்று அறிவதே அவரைக் கொன்றவனுக்குச் சலுகையாகும் என்றால், அங்கே திருநங்கையின் உயிருக்கு யார் உத்தரவாதம்? காலனி ஆட்சியைப் பேசும் பலர் வசதியாக விட்டுவிடும் கேள்வி இது. இந்தக் குறையை வாஷிங்டன்மீது சாட்ட முடியாது.

பெம்பர்டன் முதலில் கப்பலிலேயே காவலில் இருந்தார். அக்டோபர் 22 அன்று கேம்ப் அகினால்டோ. அன்று ஜெனிஃபரின் அக்காவும் ஜெர்மானியக் காதலரும் கைதியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வேலி ஏறிக் குதித்தார்கள். அந்த ஜெர்மானியர்மீது நாடுகடத்தும் நடவடிக்கை பாய்ந்தது. வேலி தாண்டிய அந்நியருக்கு ஒரு சட்டம், உயிரைப் பறித்த அந்நியருக்கு இன்னொன்று. அதை நாடு முழுக்கப் பார்த்தது.

2020 செப்டம்பர் 1 அன்று ஓலோங்கபோ நீதிமன்றம் நன்னடத்தைக் கழிவைச் சேர்த்துப் பெம்பர்டனை விடுவிக்கச் சொன்னது. சிறைக்கே போகாமல், கன்டெய்னரில் தனியாக, அமெரிக்கக் காவலில் இருந்தவரின் நன்னடத்தையை யார் கூட இருந்து பார்த்துக் கணக்கிட்டார்கள் என்று ஜெனிஃபர் குடும்பத்து வழக்கறிஞர்கள் கேட்டார்கள். பதில் வருமுன், செப்டம்பர் 7 அன்று ஜனாதிபதி துதெர்த்தே முழு மன்னிப்பு வழங்கிவிட்டார். அமெரிக்காவை மேடைக்கு மேடை ஏசியவர் அவர். பலங்கிகா மணிகளைத் திருப்பிக் கேட்டவரும், அதே ஆண்டு பிப்ரவரியில் வருகைப் படைகள் ஒப்பந்தத்தையே ரத்துசெய்வதாக அறிவித்தவரும் அவரே. அப்போது அவருடைய செய்தித் தொடர்பாளராக இருந்த ஹாரி ரோக், முன்பு லாவ்டே குடும்பத்தின் வழக்கறிஞர். செப்டம்பர் 13 அன்று பெம்பர்டன் விமானம் ஏறினார். ஒப்பந்த ரத்தை மறு ஆண்டு ஜூலையில் துதெர்த்தே திரும்பப் பெற்றார். ஐந்தாம் பிரிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

மாற்ற முடியாத ஒன்றல்ல அது. 1995-ல் ஒகினாவாவில் மூன்று அமெரிக்கப் படைவீரர்கள் பன்னிரண்டு வயதுச் சிறுமியைச் சீரழித்தபோது எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். அதன்பிறகு கொலை, வன்கொடுமை வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஆளை ஒப்படைக்கக் கேட்டால் அனுதாபத்தோடு பரிசீலிப்பதாக அமெரிக்கா ஜப்பானிடம் ஒத்துக்கொண்டது. 2001-ல் தென்கொரியா பன்னிரண்டு வகைக் கொடுங்குற்றங்களுக்கு, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் காவல் தன் கைக்கு வரும்படி மாற்றிக்கொண்டது. இரண்டும் அரைகுறைதான். ஆனாலும் கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

மணிலா ஏன் கேட்கவில்லை? மக்களுக்கு அமெரிக்காமீது அன்பு என்பது ஒரு காரணம். 2015-ல் பியூ ஆய்வில் பிலிப்பைன்ஸ்காரர்களில் 92 சதவீதம் பேர் அமெரிக்காவைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்தார்கள். தெருவில் எந்த வெள்ளைக்காரரைப் பார்த்தாலும் பிள்ளைகள் 'ஹே ஜோ' என்று கூப்பிடும் ஊர். அந்த அன்பு பொய்யில்லை, அதை அடிமைப்புத்தி என்று ஏசுவதும் நியாயமில்லை. ஒவ்வொரு தெருவிலும் கலிபோர்னியாவிலோ ஹவாயிலோ யாராவது ஒரு அத்தை, ஒரு அண்ணன். அங்கிருந்து வரும் பணத்தில் பிள்ளை படிக்கிறது.

இன்னொரு காரணம் கடல். ஓலோங்கபோ இருக்கும் சம்பாலெஸ் கரையிலிருந்து ஏறத்தாழ 120 கடல்மைல் தொலைவில் ஸ்கார்பரோ திட்டு. 2012 முதல் அது சீனாவின் பிடியில். அங்கே வலை வீசப் போன மசின்லோக் மீனவர்கள்மீது சீனக் கப்பல்கள் தண்ணீர் பீய்ச்சுகின்றன. 2016-ல் ஹேக் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தும் மீனவரின் படகுக்கு வழி கிடைக்கவில்லை. அந்த மீனவருக்கு அமெரிக்கக் கப்பல் தேவை என்று தோன்றினால் எப்படிக் குறை சொல்வது? 2014-ல் வந்த விரிவான ராணுவ ஒப்பந்தத்தின்படி அமெரிக்கப் படைக்கு ஐந்து முகாம்கள். 2023-ல் இன்னும் நான்கு. ஆண்டுதோறும் நடக்கும் பாலிகாத்தான் பயிற்சிக்கு 2023-ல் இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து 17,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். பாலிகாத்தான் என்றால் தோளோடு தோள் என்று பொருள்.

மீனவருக்குக் காவல் வேண்டும் என்பதற்காக ஜெனிஃபர்களின் நியாயத்தை விலையாகத் தர வேண்டியதில்லை. இதை மணிலாவின் வெளியுறவு அதிகாரிகள் மேஜையில் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்குத் தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் இன்று எவ்வளவு தேவை என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். 1991-ல் பன்னிரண்டு செனட்டர்கள், சொந்தத் தலைவியே எதிர்க்க, பசியில் இருக்கும் ஊருக்கு நடுவே சொல்லிக் காட்டினார்கள். இப்போது கேட்க வேண்டியது அவ்வளவு பெரிதுமில்லை. ஐந்தாம் பிரிவின் ஆறாம் பத்தி, பத்தாம் பத்தி. காவல் பிலிப்பைன்ஸ் நீதிமன்றத்துக்கு, ஓராண்டுக் கெடு ரத்து, தண்டனைக்குப் பிலிப்பைன்ஸ் சிறை.

சுபிக்கில் கப்பல்கள் மறுபடி வந்து போகின்றன. அலாவா துறைமேடையில் இறங்கும் படைவீரருக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை, ராணுவ அடையாள அட்டையும் பயண உத்தரவும் போதும் என்பது அதே ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு. ஐந்தாம் பிரிவு 1998-ல் எழுதியபடியே இருக்கிறது.